ஆணியில் மாட்டி வைத்த கமான் பட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலம் முடிகிற சமயம். அப்போது திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலம் பக்கம் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. நான் திருநெல்வேலிக்காரன். பிழைக்க வந்த ஊரில் எனக்குச் சோறு போட்டது கமான் வேலைதான். கமான் என்றால் பெரிய விஷயமில்லை. காரின் பின்பக்கத்தைத் தாங்குகிற, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள். பக்கத்துக்கு ஒரு அடுக்கு; ஒரு பட்டை என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கு. பட்டை கூடினால் பாரம் தாங்கும், ஆனால் வண்டி விறைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியையும் முதுகில் இறக்கும். பட்டை குறைந்தால் மெத்தென்று போகும், ஆனால் நாலு மூட்டை ஏற்றினால் உட்கார்ந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு கெத்து உண்டு. பட்டறையை விட்டுப் போகிற கார், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்ற டிரைவர்கள் ‘எங்கே கமான் கட்டினாய்’ என்று விசாரிப்பார்கள். எனக்குப் போர்டு கிடையாது. தூக்கி நிற்கிற கார்கள்தான் போர்டு. கல்யாண பார்ட்டி, சபரிமலை டிரிப் என்று ஆட்களை அடைத்துக்கொண்டு ஓட்டுகிற டாக்சிக்காரர்கள், வண்டியோடு வந்த பட்டை போதாது என்று இன்னொன்று சேர்க்கச் சொல்வார்கள். கட்டி முடித்ததும் நேரே பழவங்காடிக்கு ஓட்டிப்போய், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் முதல் சவாரி ஏற்றுவார்கள்.

விதுராவிலிருந்து ஒருவர் வருவார். பொன்முடிக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருந்தவர். வாய்ச் சவடால் ஆசாமி. தன்னுடைய பழைய அம்பாசடரில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, மிளகும் பாக்கும் மூட்டை மூட்டையாக அடைத்து நெடுமங்காடு சந்தைக்குக் கொண்டுபோவார். டாக்சிக்காரர்கள் ஒரு பட்டை சேர்த்தால் இவர் இரண்டு சேர்த்தார். வேலை முடிந்ததும் டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரு அழுத்து அழுத்துவார். வண்டி அசையாமல் நின்றால், “கொள்ளாம்” என்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மலையாளத்தில் அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற தோரணைக்கே நான் இன்னொரு தரம் அவருக்கு வேலை செய்வேன்.

அந்த மழைக்காலக் கடைசியில் அதே கார் வந்தது. இறங்கினது அவரில்லை, ஒரு பெண். ஓட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. மிளகுக்காரரின் மனைவி என்றும், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என்றும் சொன்னார். பிறந்த ஊர் பாறசாலை பக்கம். தமிழ் பேசுகிற கிறிஸ்தவக் குடும்பம். அதனால் என்னைப் பார்த்ததும் மலையாளத்தை விட்டுவிட்டு அவர் ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டார்.

நடந்ததை அவர் நின்றுகொண்டே சொன்னார். மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணி ஈரத்தில் வழுக்கி, கணவர் மேலேயிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்தும் கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. நரம்பு செத்துப்போகவில்லை, விடாமல் வந்து பயிற்சி செய்தால் எழுந்து நிற்பார், விட்டுவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தங்கிச் செய்ய வார்டில் இடமில்லை. விதுராவிலிருந்து மெடிக்கல் காலேஜுக்கு வாராவாரம் வந்துபோக வேண்டும். வாடகை டிரைவர்கள் மெதுவாக ஓட்டச் சம்மதிக்கவில்லை என்று டீச்சரே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின் சீட்டைத் திரும்ப மாட்டி, கணவரை அதில் படுக்க வைத்துக் கொண்டுபோனார். ஆனால் ஒவ்வொரு குழியிலும் அந்த மனிதர் போட்ட சத்தத்தில் ரோட்டோரம் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு அவர் காரில் ஏறவே மறுத்துவிட்டார். கால் போனால் போகட்டும் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

“அண்ணாச்சி, நீங்க போட்ட பட்டைதான் அவருக்க முதுகுல குத்துது. அத எடுத்துத் தாருங்க” என்றார் டீச்சர்.

குற்றம் சொல்கிற குரலில்லை அது. பிள்ளையின் காலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று கீழே இருந்த ஒன்றையும் சேர்த்து எடுத்தேன். கார் பின்பக்கம் தழைந்து, நாய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். யார் கேட்டாலும் என் பட்டறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். அந்தக் களைப்பிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால், கழற்றிப் போட்ட பட்டைகளைக் காட்டி, அதை விற்றுவிடாதீர்கள் என்றார். “அவரு எழும்பினா வேணும்” என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பாவம், நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் சேர்த்துப் போட்ட இரண்டையும் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினேன்.

சில நாளில் கார் திரும்பி வந்துவிட்டது. வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கெத்தாகத்தான் எழுந்து போனேன். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டேன். கெஞ்சிக் கூத்தாடிக் கணவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். குழிகளில் அவர் கத்தவில்லை. ஆனால் அந்த ரோட்டில் வளைவுக்கா பஞ்சம். ஒவ்வொரு வளைவிலும் கார் படகு மாதிரிச் சாய, அவருடைய இடுப்பு ஒருபக்கமும் தோள் ஒருபக்கமும் முறுக்கியிருக்கிறது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் கார் உடனே அடங்காமல் குதித்துக் குதித்துக் கொஞ்ச தூரம் போயிருக்கிறது. தொளிக்கோடு தாண்டுவதற்குள் வாந்தி. வீட்டுக்கு வந்ததும், இன்னும் ஒரே ஒரு தடவை ஏறுவேன், அதிலும் இப்படியென்றால் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு வேலை நேரத்தில் பொறுமை குறைவு. மெத்தென்று வேண்டுமானால் ஆடத்தான் செய்யும், ஆடக்கூடாது என்றால் விறைக்கத்தான் செய்யும், இரண்டில் ஒன்றைத்தான் இரும்பு தரும் என்று வெடுக்கென்று சொன்னேன். டீச்சர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“கைக்குழி இறுக்கிப் பிடிக்குதுன்னா நாங்க முழுச் சட்டையையும் லூஸாக்க மாட்டோம் அண்ணாச்சி. போட்டுப் பாத்து, எங்க பிடிக்குதோ அங்க மட்டும் பிரிப்போம்.”

சொல்லிவிட்டு அவர் செய்த காரியம் இருக்கிறதே, இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. துணிப்பையைத் திறந்து கணவருடைய இடுப்பு பெல்ட்டை எடுத்தார். பிளேட் வைத்துத் தைத்த கெட்டியான பெல்ட். அதைத் தன் சேலைக்கு மேலேயே கட்டி இறுக்கினார். பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டார். கணவர் எப்படிப் படுப்பாரோ அப்படியே, இடது கையால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுங்கள் என்றார்.

பட்டறையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நல்லவேளையாக என் மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவளையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் அவள் சும்மா இருப்பாளா. “இத்தன வருசமா ஒங்க ஸ்கூட்டர் பின்னால இடுப்பொடிஞ்சு வாரேன். எனக்காண்டி ஒரு பட்டை கழத்துனீயளா?” என்று கேட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். பின் சீட்டில் டீச்சர் பெல்ட்டுக்குள் குலுங்கிச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

பேரூர்க்கடை தாண்டி நெடுமங்காடு ரோட்டில் விட்டேன். சிரிப்பு அதோடு நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் தெரிவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இது இடி, நடு முதுகில் தெரிகிறது. இடி முடிந்துவிட்டது, ஆனால் ஆட்டம் நிற்கவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது. இப்போது சாய்கிறது, இடுப்பு முறுக்குகிறது. இதே ரோட்டில் நான் நூறு கார்களை ஓட்டிச் சோதித்திருக்கிறேன். எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துதான். காலை ஊன்ற முடியாதவன் பின்னால் படுத்துக்கொண்டு வந்தால் அவனுக்கு இந்தக் கார் என்னவாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் சொகுசு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதை, அவர் இடி தனி, ஆட்டம் தனி, சாய்வு தனி என்று பிரித்துக் கையில் கொடுத்துவிட்டார். பிரித்துக் கொடுத்த பிறகு வேலை எனக்குத் தெரியும்.

பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் அடைத்திருந்த துருவைச் சுரண்டினேன். கிரீஸ் தடவி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி அடுக்கினேன். நான் அவசரப்பட்டு எடுத்த மூன்றாவது பட்டை இருந்த இடத்தில் மெல்லிசாக, நீளமாக ஒன்றைக் கோத்தேன். அதில் இடி அடங்கியது. ஆட்டத்துக்கு ஷாக் அப்சார்பர்தான் மருந்து. புதிது வாங்கிவிடலாம் என்றேன். டீச்சர் விடவில்லை. முதலில் நூலோட்டிப் பார்க்கலாம், உடம்புக்குச் சரியாக வந்தால் பிறகு தைக்கலாம் என்றார். அதனால் வேறு வண்டிகளிலிருந்து இரவல் வாங்கி மாட்டி மாட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தரமும் அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படுப்பார். ஒன்று கெட்டி, இடியைத் திரும்பக் கொண்டுவருகிறது என்பார். அடுத்தது இளக்கம், மேட்டில் நிற்கவில்லை என்பார். பள்ளிக்கூடம் விட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து, மழையில் வந்து, இதற்காக ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

சாய்வுதான் கடைசிவரை தண்ணி காட்டியது. சாலை பஜாரில் பழைய இரும்புக்கடையைக் குடைந்து, வேறொரு காரிலிருந்து கழற்றிய கம்பி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஸ்டெபிலைசர் கம்பி என்பார்கள். இரண்டு பக்கச் சக்கரத்தையும் குறுக்கே இணைத்து, வளைவில் ஒருபக்கம் அமுங்கப் பார்த்தால் இன்னொரு பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். பட்டையை விறைப்பாக்காமலே சாய்வைக் குறைக்கிற வித்தை அது. இதற்கேற்ற பிடிகளை அடித்து, ரப்பர் புஷ்களையெல்லாம் புதிதாகப் போட்டுப் பொருத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டீச்சர் வந்தார். வீட்டில் பெரிய மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார். வழக்கம்போல என் மனைவி முன்னால், டீச்சர் பெல்ட்டும் தலையணையுமாகப் பின்னால். இதுதான் கடைசிச் சோதனை என்று மூன்று பேருக்கும் தெரியும். இதற்கப்புறம் அந்த மனிதர் ஏறப்போகிற ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

நெடுமங்காடு வரைக்கும் டீச்சர் பேசிக்கொண்டு வந்தார். இடி தெரிகிறது, ஆனால் தூரத்தில் தெரிகிறது என்றார். பிறகு குரல் வரவில்லை. சுள்ளிமானூர் பக்கம் ரோடு சீரழிந்து கிடந்தது. ஒரு பெரிய குழியில் இறக்கி ஏற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். பின்னால் சத்தமே இல்லை. வலியில் மயங்கிவிட்டாரோ என்று பிரேக்கில் காலை வைத்தேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். “எழுப்பாதீய. தூங்குதாவ” என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். இறுக்கிக் கட்டின பெல்ட்டோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த இடது கை கீழே இறங்கி சீட்டில் கிடந்தது. கணவர் விழுந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார். இடி, ஆட்டம், சாய்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக அந்தத் தூக்கம் எனக்குக் கிடைத்துவிட்டது.

நிறுத்த மனம் வரவில்லை. விதுராவில் அவர் வீட்டுக்குத் திரும்புகிற வழியைத் தாண்டி, பொன்முடி ரோட்டிலேயே மெதுவாக விட்டேன். கல்லாறு பாலம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. கார் சாயாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தலையணைகூட நகரவில்லை. மேலே ஒரு இடத்தில் திருப்பி, அதே மாதிரி இறங்கினேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

திரும்பி விதுரா கடைத்தெருவில் யாரோ ஹாரன் அடித்ததில் டீச்சர் விழித்துக்கொண்டார். சுள்ளிமானூர் குழி எப்படி இருந்தது என்று கேட்டேன். “சுள்ளிமானூர் வந்துதா?” என்று கேட்டார். பொன்முடிக்கே ஏறி இறங்கிவிட்டோம் என்று என் மனைவி சொன்னதும் நம்பாமல் வெளியே பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் பெல்ட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அந்த வாரம் கணவரை ஏற்றிக்கொண்டு போனதை டீச்சர் வந்து சொன்னார். வழி முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லையாம். எப்போது கத்துவாரோ என்று டீச்சர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, சுள்ளிமானூர் தாண்டினதும் கண்ணாடியை இறக்கச் சொன்னாராம். தலையைக் கொஞ்சம் தூக்கி, யார் தோட்டத்தில் மிளகு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாராம். வீட்டுக்கு வந்ததும், அடுத்த தடவை எப்போது என்று அவரே கேட்டாராம்.

அதற்குப் பிறகு டீச்சர் என் பட்டறைக்கு வருவது நின்றுபோனது. வண்டி நன்றாக ஓடினால் எங்களிடம் யாரும் வர மாட்டார்கள். ஆணியில் தொங்கிய பட்டைகள் துருப்பிடித்தன. அதை எடைக்குப் போடச் சொல்லிப் பலபேர் கேட்டார்கள். நான் போடவில்லை. விசாரிக்கவும் பயம். விசாரித்துக் கெட்ட செய்தி வந்துவிட்டால் அந்தப் பட்டைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மிளகு சீசன் போய், அடுத்ததும் நெருங்கிவந்த சமயம். காலையில் கடை திறந்து உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் தழைந்த அந்த அம்பாசடர் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது டீச்சர். பக்கத்தில் முன் சீட்டில் மிளகுக்காரர் உட்கார்ந்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். டீச்சர் இறங்கவுமில்லை, கை கொடுக்கவுமில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிளகுக்காரர் தானே கதவைத் திறந்து, ஒரு ஊன்றுகோலை வெளியே நீட்டி, ஒவ்வொரு காலாக இறக்கி, காரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் வந்தார். ஓடிப்போய்த் தாங்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டிக்கியில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தார். இரண்டு கையையும் ஊன்றினார். பழைய மாதிரியே உடம்பின் பாரத்தைப் போட்டு ஒரு அழுத்து. கார் மெத்தென்று இறங்கியது, ஒரே மூச்சில் எழுந்து அப்படியே நின்றது.

“கொள்ளாம்” என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆனா அண்ணாச்சி, இதுல மொளகு மூட்டை கேறாது. ஆ பட்டை ரெண்டும் திரும்பப் போடணும்.”

நான் ஆணியைக் காட்டினேன். அவர் பார்த்தார். டீச்சர் அப்போதுதான் காரைவிட்டு இறங்கி வந்தார். எத்தனையோ கார்களைச் சொகுசாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு காரைத் திரும்ப முரடாக்குகிற வேலையில், துருவைத் தேய்க்கத் தேய்க்க, அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு வேறு எந்த வேலையிலும் வந்ததில்லை. கார் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதும், அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்காகப் பழவங்காடியில் தேங்காய் உடைத்தது நான்தான்.

இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனால் யார் வந்து கமானைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று சொன்னாலும், நான் அங்கே இருந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ‘பின் சீட்டில் யார் வருவார்கள்’ என்றுதான் முதலில் கேட்கிறேன், அப்படிக் கேட்கும்போதெல்லாம் சேலைக்கு மேல் கட்டிய ஒரு பெல்ட் என் கண் முன்னால் வந்து நிற்கிறது.